மதுவிலக்குக் காலத்துப் பேரேடு: சில குறிப்புகள்

போர்ச்சுகலைச் சேர்ந்த விட்டல் லசெர்டா வடிவமைத்த 'ஸ்பீக்கீஸி' என்ற பலகை விளையாட்டு 2025இல் வந்தது. களம் 1920களின் மன்ஹாட்டன். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கும்பல் தலைவர். திருட்டுத்தனமாகச் சாராயம் தயாரித்து, ரகசிய மதுக்கூடம் நடத்தி, இரவு விடுதி, சூதாட்டக் கூடம் என்று வளர வேண்டும். போலீஸும் எதிர்க் கும்பல்களும் குறுக்கே வருவார்கள். ஓவியம், லசெர்டாவுடன் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்யும் இயன் ஓட்டூல். விதிகளைச் சொல்லி முடிக்கவே பாதி மாலை போய்விடும் வகை. போர்டுகேம்கீக் தளத்தில் விளையாட்டின் கனத்தை, அதாவது எவ்வளவு சிக்கலானது என்பதை, 5க்கு இவ்வளவு என்று பயனர்களே மதிப்பிடுவார்கள். இவருடைய 'லிஸ்போவா', 'ஆன் மார்ஸ்' எல்லாம் அதில் 4ஐத் தாண்டியவை.

*

இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு வரும் முதல் மதிப்புரைகளை நான் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். கூட்டுநிதியில் வருகிற பெட்டிக்கு முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களே முதலில் மதிப்பெண் போடுகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே இந்த வடிவமைப்பாளரை விரும்புகிறவர்கள். நேர்மையாகவே போடுகிறார்கள்; ஆனால் லசெர்டா பெயரே கேள்விப்படாத ஒருவர் மேஜையில் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எழுதும் விமர்சனமும் அப்படித்தான். கனமான விளையாட்டின் முதல் ஆட்டத்தில் நாம் எடைபோடுவது விதிப்புத்தகத்தையும் கற்றுக்கொடுத்தவரின் பொறுமையையும்தான்.

*

"கும்பல் கதை என்கிறார்கள், மேஜையில் உட்கார்ந்தால் கணக்குப்பிள்ளை வேலை." கனமான விளையாட்டுகள் எந்தக் கருவை எடுத்தாலும் இந்தக் குறை வரும். கட்டடம் கட்டும் விளையாட்டுக்கோ செவ்வாய்க் கிரகத்துக்கோ அது பொருந்தலாம். மதுவிலக்குக் காலத்துக்குப் பொருந்தாது. அந்தக் காலத்துக் கும்பல்களின் உண்மையான வாழ்க்கை பேரேட்டில்தான் இருந்தது.

1920 ஜனவரி 17இல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அதுவரை தெருச் சண்டையும் சூதாட்டமுமாக இருந்த கூட்டங்களுக்கு ஒரே நாளில் ஒரு தேசத்தின் சந்தை திறந்துவிடப்பட்டது. சந்தை கிடைத்ததும் என்ன தேவை? சரக்கு, லாரி, கிடங்கு, கடன் கொடுக்க ஆள், லஞ்சம் வாங்க ஆள். நியூயார்க்கில் சூதாட்டப் புள்ளி ஆர்னால்ட் ராத்ஸ்டீன் துப்பாக்கியால் பெரிய மனிதர் ஆனவரில்லை. முதல் போட்டு, பங்கு பிரித்துக் கொடுத்து ஆனவர். அவரிடம் தொழில் பயின்றவர்கள்தான் பின்னாளில் பெரிய கும்பல் தலைவர்களான லக்கி லூசியானோவும் மேயர் லான்ஸ்கியும். 1928இல் ராத்ஸ்டீன் சுடப்பட்டதும் ஒரு சூதாட்டக் கடன் பாக்கி விவகாரம் என்றே சொல்லப்பட்டது.

சிகாகோ கும்பல் தலைவர் அல் கப்போனை எடுத்துக்கொள்ளுங்கள். 1929 பிப்ரவரி 14இல் சிகாகோ வாகனக் கொட்டகையில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக அவரை யாராலும் தண்டிக்க முடியவில்லை. 1931இல் அவரை உள்ளே தள்ளியது வருமான வரி. பதினோரு ஆண்டுச் சிறை. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927இல் உச்ச நீதிமன்றம் சல்லிவன் வழக்கில் சொல்லியிருந்தது. ஒரு சோதனையில் கைப்பற்றிய சூதாட்டக் கூடக் கணக்குப் புத்தகங்கள் சாட்சியாயின. எழுதிய கணக்கர் கூண்டேறினார்.

ஆகவே கனமான விளையாட்டு இந்தக் கருவுக்குச் சினிமாவைவிட நெருக்கமான வடிவம் என்று எனக்குத் தோன்றுகிறது. சினிமாவால் தோட்டாவைக் காட்ட முடியும். பீப்பாய் எப்போது வரும், வரும் வழியில் யாருக்கு எவ்வளவு, கடை திறந்தால் போலீஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று மூன்று மணி நேரம் ஒருவரைக் கவலைப்பட வைக்க விளையாட்டால்தான் முடியும்.

*

இதற்கு நேர்மாறாக, 1982இல் வந்த 'ஃபேமிலி பிசினஸ்' சீட்டு விளையாட்டில் ஆட்களை வரிசையாகச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். அரை மணி நேரம், நிறையச் சிரிப்பு. கும்பலைப் பற்றி அதில் எனக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை.

*

சரி, பேரேடுதான் கரு என்றால், விமர்சகர் அந்தப் பேரேட்டை வாசிக்க வேண்டும். நான் படித்த மதிப்புரைகளில் இது நடக்கவே இல்லை. பலகையின் அழகு, பெட்டியின் எடை, காத்திருக்கும் நேரம், இருவர் ஆடினால் எப்படி, நால்வர் ஆடினால் எப்படி. எல்லாம் தேவைதான். ஆனால் எந்தச் செலவு இந்தக் கணக்கில் ஏறவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் மருத்துவமனைகளுக்கு விஷச் சாராயம் குடித்தவர்கள் வந்து குவிந்தார்கள். ஆலைகளுக்கான ஆல்கஹாலை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அரசே மெத்தனால் முதலான விஷங்களைக் கலக்கச் சொல்லியிருந்தது. கும்பல்கள் அதைத் திருடி, அரைகுறையாகச் சுத்தம் செய்து விற்றன. நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் அரசாங்கத்தையே வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். செத்தவர்களில் பெரும்பாலோர் நல்ல சரக்குக்குக் காசில்லாதவர்கள் என்பதையும் அவர் சொன்னார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தச் செய்தியைப் படித்த ஒருவரால் சாராய டோக்கனை வெறும் மரத்துண்டாகக் கையில் எடுக்க முடியாது.

*

கணக்கில் ஏறாத இன்னொன்று, ஹார்லெமின் காட்டன் கிளப். முதலாளி ஓனி மேடன், கும்பல் தலைவர். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், டியூக் எலிங்டன் உட்பட. மேஜைகளில் வெள்ளையர் மட்டும். இரவு விடுதி என்று ஒரு விளையாட்டு சொன்னால் எனக்கு உடனே இந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது.

*

விளையாட்டிடம் இவ்வளவு கேட்கலாமா? கேட்கலாம். 2002இல் வந்த 'புவேர்ட்டோ ரிக்கோ'வில் தோட்டங்களில் வேலை செய்யும் பழுப்பு நிற வட்டங்களுக்குக் குடியேறிகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் உண்மையில் யார் என்று ஆடுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022இல் 'புவேர்ட்டோ ரிக்கோ 1897' வந்தபோது காலம் அடிமை முறை ஒழிந்த பிறகானதாக மாறியிருந்தது. விமர்சனம் ஒரு பெட்டியையே திருத்தி எழுதியிருக்கிறது.

லசெர்டாவிடம் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய 'லிஸ்போவா' 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரத்தை மீண்டும் கட்டுவது. பலகையில் கிடக்கும் இடிபாடுகள் நிலநடுக்கம், தீ, கடல் சீற்றம் என்று மூன்று நிறம். அவற்றை அகற்றாமல் ஒரு கடைகூடக் கட்ட முடியாது. அழிவை விதிக்குள்ளேயே கொண்டுவரத் தெரிந்தவர் அவர். அடுத்து யாராவது 'ஸ்பீக்கீஸி'க்கு மதிப்புரை எழுதினால், அதையும் 'லிஸ்போவா'வையும் பக்கத்தில் வைத்து, விஷச் சாராயத்தில் செத்தவர்களின் கணக்கு விதிக்குள் எங்காவது ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும், நான் இரண்டு முறை படிப்பேன்.