காந்தப் புலம்

பௌதிக நூலார் வழங்கும் 'காந்தப் புலம்' என்னுந் தொடரிலுள்ள புலம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. ஆயினும் அது அந்நூலுட் புகுந்த வரலாற்றை அறியாது அதன் அருமையை அறிதல் இயலாது.

கோபன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் ஏர்ஸ்டெட் என்பார் 1820-ஆம் ஆண்டில் விரிவுரை ஆற்றுங்கால், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகிருந்த காந்த ஊசி சிறிதே அசையக் கண்டார். அவையினர் அதனைப் பெரிதாக மதித்திலர். அவரோ பின்னும் பல சோதனை செய்து, அவ்வாண்டு ஜூலை 21-ஆம் நாள் இலத்தீன் மொழியிற் சிற்றேடொன்றை வெளியிட்டார். அதனுட் கண்ட செய்தி அறிஞரைத் திகைப்பித்தது. ஈர்க்கும் பொருளாயின் தன்பால் இழுத்தல் வேண்டும். தள்ளும் பொருளாயின் அப்பால் ஒதுக்கல் வேண்டும். இக்கம்பியோ ஊசியைத் தனக்குக் குறுக்காகத் திருப்ப முயன்றது. கம்பியின் மேலே வைத்த ஊசி ஒருபுறமும், கீழே வைத்த ஊசி மறுபுறமும் திரும்பின. மின்னோட்டம் நேரே செல்ல, காந்த ஆற்றல் அதனை வளையம்போற் சூழ்ந்து நிற்கின்றதென்பது இதனாற் பெறப்பட்டது. வலக்கைப் பெருவிரலை ஓட்டத்தின் வழியே நீட்டிக் கம்பியைப் பற்றுவதாகக் கொண்டால், ஏனைய விரல்கள் வளையும் பக்கமே ஊசியின் வடமுனை நோக்கும் பக்கமாம்.

நிற்க. கருமான் மகனாய்ப் பிறந்து, இலண்டனிற் புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பாரடே, 1821-இல் பாதரசத்தினிடையே நிறுத்திய காந்தத்தைச் சுற்றி மின்கம்பி ஓயாது சுழலுமாறு செய்தார். நம் விரிவுரை மண்டபத்திற் சிற்சில வேளை சுழலும் மின்விசிறிக்கு அதுவே மூதாதை. 1831-இல் இதன் மறுதலையையும் கண்டார். காந்தம் வாளா கிடப்பின் அருகுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறவாது. அதனை அசைத்தாற் பிறக்கும்.

கணிதமறியார்க்கு மின்னூலில் இடமில்லை என்பார் நம் நண்பருள் உளர். பாரடே உயர்கணிதம் பயின்றவரல்லர். இரும்புத் துகள் காந்தத்தைச் சுற்றி வரிவரியாய் அமைவதை நோக்கியே எண்ணியவர். காந்த ஆற்றல் பரந்த இடத்தை 1845-இல் வயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் வழங்கினார். அச்சொல் இடத்தைச் சுட்டுவதன்றித் திசையைச் சுட்டாது. காந்தப் புலமோ ஒவ்வோரிடத்தும் ஒரு திசையுடையது. ஊசி காட்டுவதும் அதனையே. நம் சொல்லை நோக்குமின்: புன்புலம் என்புழி நிலம், வடபுலம், தென்புலம் என்புழித் திசை. இரண்டும் ஒரு சொல்லுள் அடங்கின! ஐம்புலனுக்கும் எட்டாத ஒன்றிற்கு அப்பெயர் வாய்த்ததுதான் வேடிக்கை.

பாரடேயின் கோடுகளைக் கணிதத்தில் அமைத்தவர் மாக்ஸ்வெல். கணித வல்லார் தம் முடிபுகளைப் பொதுமொழியிலும் தெளிவுறப் பெயர்த்துத் தரலாகாதோ என்று 1857-இல் அவர்க்குப் பாரடே கடிதம் வரைந்தார். அவ்வேண்டுகோளையே நாமும் விஞ்ஞான வகுப்பு நண்பர்க்கு விடுக்கின்றோம். விடையைத் தமிழில் தருவாராயின் இம்மலரிலேயே இடமுண்டு.