கண்மாயும் கவச வண்டியும்

திருமயம் கோட்டையின் உச்சியிலுள்ள பழைய பீரங்கியைப் பார்த்து வந்த மாலையில், என் பேரன் படநூலொன்றை மடியில் விரித்தான். இராணுவ வண்டிகள் இயங்கும் விதத்தை, அவற்றைப் பாதியாக அறுத்தாற்போல் வரைந்து சிறுவர்க்கு விளக்கும் நூல்.

"தாத்தா, டாங்க் என்றால் நம் கண்மாய்தானே?"

பிழையில்லை, கண்மாயையும் ஆங்கிலத்தில் அவ்வாறே எழுதுகிறோம். முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் இரகசியமாகச் செய்த கவச வண்டியைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்தனர், பெயர் நிலைத்துவிட்டது. 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. எடையைப் பரப்பிச் சேற்றில் புதையாமல் காக்கும் சங்கிலிப் பட்டையோ, அதற்கு முன்பே அமெரிக்க உழவு வண்டிகளில் ஓடியது. உழவனிடம் வாங்கிய கடன்!

நல்ல நூல்தான். பல்சக்கரங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. உள்ளிருக்கும் மனிதர்களுக்கு மட்டும் முகம் வரையவில்லை.

அருகில் என் அண்ணன் அமர்ந்திருந்தார். ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியை ஓட்டியவர். 1971 போரைக் கண்டவர். அதைப்பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"ஓட்டுபவர் எங்கே உட்காருவார், பெரிய தாத்தா?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியை அணிந்து, படத்தின் முன்புறத்தில் விரல் வைத்தார். "கோபுரத்துள் மூவர். கீழே இங்கே ஒருவன் தனியாக. மூடியைச் சாத்திவிட்டால் ஒரு சிறு கண்ணாடி வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும்."

"அதில் என்ன தெரியும்?"

விரல் நெடுநேரம் அசையவில்லை. பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

"அதை இதில் வரையவில்லை, ஐயா."