மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

சின்னமனூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பின்னாலேயே அந்தக் கேள்வியும் வந்தது.

"மாப்பிள்ளை என்ன வேல பாக்குறாப்ல?"

"காலேஜுல..." என்று அம்மா ஆரம்பித்ததுமே பெண்ணின் தாய்மாமன் முகம் மலர்ந்தது. "புரொபசரா?"

"இல்லண்ணே... ஃபுட்பால் டீமுக்கு..."

"ஓ, கோச்சு!"

"கோச் வேற ஆளு. இவன் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங்..." அம்மாவுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

"ஏர் கண்டிஷனிங்கா? அதுக்கு இப்ப நல்ல டிமாண்டாச்சே!"

உண்மை தெரிந்ததும் காபி ஆறிப் போனது. அந்தக் காலத்தில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டால் பெண் கொடுப்பார்களாம். நான் நூறு கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறவன். என்ன பிரயோஜனம்? ஐம்பது வருஷம் லேட்டாகப் பிறந்து தொலைத்துவிட்டேன்!

என் வேலை இதுதான். பந்தை எப்படி அடிப்பது என்று கோச் சொல்லித் தருவார். தொண்ணூறாவது நிமிடத்திலும் அடிக்கக் காலில் தெம்பு வேண்டுமே, அது என் டிபார்ட்மென்ட். ஜூனில் பையன்கள் வந்ததும் ஆறு வாரம் வெயிட்டையே தொடவிட மாட்டேன். ஒற்றைக் காலில் நிற்கவும், குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடங்காமல் இருக்கவும் பழக்குவேன். அப்புறம்தான் இரும்பு. இருப்பது இரண்டே கம்பி. மிச்சத்துக்குத் திராட்சைத் தோட்டத்து உரச் சாக்கில் மண்ணை நிரப்பிக்கொள்கிறோம்.

இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்காவின் பாய்ட் எப்லி. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கம்பு ஊன்றித் தாண்டுகிற மாணவர். முதுகில் அடிபட்டு வெயிட் தூக்கிக் கொண்டிருந்தவரை, 1969-ல் ஃபுட்பால் அணிக்குப் பயிற்சி தரச் சொன்னார்கள். (அது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்பால்; நம்முடையது வேறு.) வெயிட் தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று எல்லோரும் நம்பிய காலம். 'எவனாவது ஸ்லோவானால் உனக்கு வேலை போச்சு' என்கிற கண்டிஷனோடுதான் தலைமை கோச் அவரைச் சேர்த்துக்கொண்டார். வேலை போகவில்லை. அந்த அணி 1970-லும் 1971-லும் தேசிய சாம்பியன்!

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் உடம்பைக் கவனித்தவர் சென்னைக்காரர் ராம்ஜி சீனிவாசன். அப்புறம் 2019 வரை அந்த வேலையில் இருந்த சங்கர் பாசுவும் சென்னைதான். தன் உடம்பை மாற்றியவர் அவர்தான் என்று விராட் கோலியே சொல்லியிருக்கிறார்.

எனக்குத் தொகுப்பூதியம். அதுவும் பத்து மாதத்துக்குத்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் என் வயிறு கண்டிஷனிங்கில் இருக்கும்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கோல் விழுந்தால் அடித்தவனைத் தூக்குவார்கள், ஜெயித்தால் கோச்சுக்கு மாலை. ஒரு பையனுக்குத் தசை கிழியாமல் இருந்ததற்கு யார் சார் கை தட்டுவார்கள்? நடக்காத ஒன்றைக் காட்டிச் சம்பளம் கேட்கிற வேலை இது!

நடந்தும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் முன்கள ஆட்டக்காரன் ஒருவன். விடியும் முன்னே ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், "அண்ணே, பின்தொடை லேசா இழுக்குது" என்றான். தொட்டுப் பார்த்தேன். ஆடக் கூடாது என்று எனக்குத் தெரியும். கோச், "ஃபைனல்ப்பா" என்றார் ஒரே வார்த்தையில். அடுத்த ஜூனில் எனக்கு வேலை வேண்டுமே... தலையை ஆட்டிவிட்டேன்.

இருபதாவது நிமிடம். விரட்டி ஓடியவன் சுடுபட்ட மாதிரி தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தசை கிழிந்துவிட்டது. ஒரு மாதத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குத் தேர்வு இருந்தது. போக முடியவில்லை. அவன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பாத்துக்கிட்டீகல்ல தம்பி, அது போதும்" என்றார். அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி தாத்தா ஞாபகம் வந்தது. ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தவர். நீச்சல், நடை, மண்மேட்டைக் குத்துவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பார். ஒரு தடவை மாடு பின்னங்காலை இழுத்தது. ஊரே கெஞ்சியும் அவிழ்க்கவில்லை. "வாடிவாசலு அடுத்த வருசமும் அங்கனதான்டா இருக்கும்" என்றார். பள்ளிக்கூடமே போகாத மனுஷன்.

அதற்குப் பிறகு பையன்கள் எல்லோருக்கும் ஒரு பயிற்சியைக் கட்டாயமாக்கினேன். முட்டி போட்டு நிற்க வேண்டும். கூட்டாளி கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பைக் குச்சியாக வைத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். 'நார்டிக்' என்று பேர். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பையன்கள் வைத்த பேர் 'தண்டனை'.

போன வருஷம் அரையிறுதி. இன்னொரு பையன், அதே பின்தொடை, அதே "லேசா இழுக்குதண்ணே". கோச் என்னைப் பார்த்தார். "இல்ல சார், இறக்க முடியாது" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஒன்று-பூஜ்யத்தில் தோற்றோம். "அந்த டிரில் மாஸ்டர் கெடுத்துட்டான்யா!" என்று எனக்குப் பின்னாலேயே ஒருத்தர் சொன்னார்.

ஜூனில் என்ன ஆகும் என்று தெரியாமல், மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கம்பம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் எங்கள் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஏறினான், ஜன்னல் சீட்டுக்காக.