இதழும் விரலும்

போசரியில் தகடு அழுத்தும் எந்திரங்களுக்கிடையே பணிபுரிவோர்க்கு ஓர் உண்மை தெரியும்: அப்பேரோசையின் நடுவே செவி இருந்தும் பயனில்லை. தேநீர் வந்துவிட்டது என்பதும், பொறியை நிறுத்து என்பதும் அங்கே கைகளாலேயே சொல்லப்படுகின்றன. அத்தகைய ஊரில் வாழ்ந்தும், செவிப்புலனின்றிப் பிறந்த எங்கள் மகளிடம் நாங்கள் நெடுங்காலம் வாயை மட்டுமே அசைத்துக்கொண்டிருந்தோம்.

பாளையங்கோட்டையை அடுத்த சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எங்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்த மண் அது. ஆயினும், எங்கள் வீட்டில் அத்தகைய குழந்தை பிறக்கும்வரை அப்பள்ளியின் மதிலைத் தவிர வேறெதையும் நாங்கள் அறிந்திலோம்.

காதுக்கருவி மகளுக்கு ஓசையைத் தந்தது, சொல்லைத் தரவில்லை. அவள் சேர்ந்த பள்ளியில் மராத்தி. “வீட்டிலும் அதையே பேசுங்கள், இவளுக்கு ஒரு மொழி போதும்” என்றனர். நல்லெண்ணத்தால் சொன்னதே. ஆனால், காய்கறிக் கடையில் பேரம் பேசப் போதுமாயிருந்த எங்கள் மராத்தி, குழந்தையைக் கொஞ்சுவதற்குப் போதவில்லை. தமிழிலேயே பேசினோம். அவள் எங்கள் இதழ்களையே உற்று நோக்கினாள்.

ஒருமுறை ஊரிலிருந்து அவளுடைய பாட்டி வந்திறங்கினார். “பாட்டி, பாட்டி” என்று மகிழ்ச்சியோடு சொன்னோம். குழந்தை எங்கள் வாயைப் பார்த்தாள். விடுவிடென்று படியேறி மாடிக்கு ஓடினாள். அங்கே எவரையும் காணாது அவள் திகைத்து நிற்க, கீழே வாசலில் கைநீட்டி நின்ற முதியவரின் முகம் வாடிற்று. “பேத்திக்கு என்னைப் பிடிக்கவில்லையோ?” என்றார்.

பிழை குழந்தையுடையதன்று. பாட்டி, மாடி என்னும் இரு சொற்களும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. பகரமும் மகரமும் இரண்டு உதடுகளும் பொருந்தப் பிறப்பன என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்திருக்கிறது. மெல்லெழுத்துக்கு மூக்கின்வழி வரும் காற்றும் வேண்டும் என்பதையும் அது கூறுகிறது. அந்த மூக்கொலியைச் செவி அறியும்; கண் எவ்வாறு அறியும்?

இந்த இடர்ப்பாட்டுக்கு 1966-இல் ஒருவர் வழி கண்டார். வாஷிங்டனில் காதுகேளாதோர்க்கென அமைந்த கேலடெட் கல்லூரியில் பணியாற்றிய ஆரின் கார்னெட் என்பார், அம்மாணவர்கள் வாசிப்பில் பின்தங்கியிருப்பது கண்டு வருந்தி, ‘கியூட் ஸ்பீச்’ என்னும் கைக்குறிப் பேச்சை உருவாக்கினார். ஆங்கில மெய்யொலிகளுக்கு 8 கைவடிவங்கள். உயிரொலிகளுக்கு முகத்தருகே 4 இடங்கள். இதழில் ஒத்துத் தோன்றும் ஒலிகளுக்குக் கை வேறுபடும். கை ஒன்றாயின் இதழ் வேறுபடும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கு ஐயமில்லை.

அம்முறையைப் படித்தறிந்து, அதன் விதிப்படி தமிழுக்கு வீட்டளவில் ஒன்று வகுத்துக்கொண்டோம். பகரத்துக்குச் சுட்டுவிரல் மட்டும். மகரத்துக்கு ஐந்து விரலும் நீட்டிய கை. லகர, ளகர, ழகரங்களுக்கு மூன்று வெவ்வேறு வடிவங்கள். கை நாவோடு ஒத்து ஓட ஓராண்டு பிடித்தது. அடுத்த முறை வந்த பாட்டிக்கும் கற்பித்தோம். சுட்டுவிரலை நீட்டி அவர் “பாட்டி” என்றதும் குழந்தை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “இம்புட்டுதானா சங்கதி? இது தெரியாமல் பிள்ளையை மாடிக்கு ஓடவிட்டோமே!” என்று அவர் கண் கலங்கினார்.

இது சைகைமொழியன்று என்பதை அன்பர்கள் மனங்கொள்ள வேண்டும். சைகைமொழி, காதுகேளாதோர் தமக்கென வளர்த்த தனி மொழி. அதற்கென 2015-இல் புதுடெல்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையமும் தோன்றியது. எங்கள் மகள் தோழியரோடு அதில்தான் மணிக்கணக்கில் அளவளாவுகிறாள். அதைக் கைவிடுமாறு நாங்கள் கூறியதில்லை. ஆனால் பாட்டியின் கதையும், அம்மாவின் கடிதலும், அண்ணனின் கேலியும் தமிழில் இருக்கின்றன. அவற்றுக்குப் புறத்தே அவளை நிறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. பிறமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய குழந்தை இருப்பின், ‘ஒரு மொழி போதும்’ என்பதற்கு இசையுமுன் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

மராத்திச் சிறுவரோடு வளர்ந்த அவளுடைய அண்ணன் நாவில் ழகரம் தங்குவதில்லை. வாழைப்பழம் அவனுக்கு ‘வாளைப்பளம்’. அவன் கையும் நாவைப் பின்பற்றி ளகரத்தையே காட்டும். தங்கை விடுவதில்லை. அவன் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருத்தி, ழகரமாக்கிய பின்னரே பழத்தை நீட்டுகிறாள்.