செவலைக்குப் பத்து நாள்

அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் உபாத்தியாயர்கள் க்ஷேத்திராடனம் போவதுண்டு. மாமனார் வீட்டுக்குப் போவதுண்டு. உபாத்தியாயத் தம்பதிகளாகிய நாங்கள் சென்ற விடுமுறை முழுவதையும் ஒரு நாயின் வயிற்றைப் பார்ப்பதிலேயே கழித்தோம்.

எங்கள் ஜாகை ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. செவலை தானாக வந்து எங்கள் திண்ணையை ஆக்கிரமித்துக்கொண்டவள். ஒன்றரை வருஷத்தில் இரண்டு முறை ஈன்றாள். இரண்டாம் ஈற்றில் ஐந்து குட்டிகள். ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை நான்கு குட்டிகள் விறைத்துக் கிடந்ததை, பள்ளிக்குப் புறப்பட்ட எங்கள் பெண் பார்த்துவிட்டாள். வாய் ஓயாமல் கேள்வி கேட்கும் குழந்தை அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

மிருக வைத்தியரை விசாரித்தோம். எஞ்சிய குட்டி பால் மறந்து, தாய்க்கும் பால் வற்றட்டும் என்றார். அவ்வாறே காத்திருந்து, மார்கழியில் வாடகைக் காரில் போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு இறக்கிச் சென்றோம். மயக்க மருந்து கொடுத்து, சினைப்பைகளையும் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் பக்கத்துக் குடிசைப் பாட்டி எட்டிப் பார்த்தாள்.

"அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, வாத்தியாரே?" என்றாள்.

சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தார் 1964-லேயே தெருநாய்களுக்கு இவ்விதம் செய்யத் தொடங்கியதையும், 2001-ல் மத்திய சர்க்கார் இதற்கென்று விதிகள் வகுத்து, 2023-ல் அவற்றைப் புதுப்பித்ததையும் எடுத்துச் சொன்னோம். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, கேக்கல" என்று சொல்லிப் போய்விட்டாள்.

வைத்தியர் சொன்ன விதிகள் சுலபமானவையே. பத்து நாள் ஓடக்கூடாது, தாவக்கூடாது, குளிப்பாட்டக் கூடாது. காயத்தைக் காலையும் மாலையும் பார்க்கவேண்டும். சிவப்பு, வீக்கம், கசிவு கண்டால் உடனே தெரிவிக்கவேண்டும். நக்காமல் இருப்பதற்காகக் கழுத்தில் புனல் போன்ற பிளாஸ்டிக் வளையம். மயக்கம் தெளியும் பிராணிக்கு உடம்புச் சூடு குறையுமாதலால் கதகதப்பு அவசியம். மார்கழி மாதத்து மலைக் குளிரில் இது சாமானிய காரியமா? முதல் இரவு எங்கள் கம்பளி இரண்டும் செவலைக்குப் போயின. நாங்கள் சாக்குக்குள் புகுந்தோம்.

இரண்டாம் இரவு அவள் முனகினாள். மறு வேளை மருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எங்களில் ஒருவர் ஜீவ சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர். அவரே அரை பாரஸிட்டமால் மாத்திரையை வெல்லத்தில் பொதிந்துவிட்டார்! எதற்கும் கேட்போம் என்று கைபேசியில் கூப்பிட்டதால் பிழைத்தோம். மனிதர் விழுங்கும் வலி மாத்திரைகள் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கவல்லவை என்று வைத்தியர் கண்டித்தார். பட்டதாரி வெல்லத்தைத் தாமே தின்றுவிட்டு, மாத்திரையைத் தூர எறிந்தார்.

ஐந்தாம் இரவு நடந்ததற்குத்தான் எங்களுக்கு மன்னிப்பு இல்லை. வளையம் வாசற்படியில் இடிக்க, சுவரில் இடிக்க, தண்ணீர்ச் சட்டியில் இடிக்க, செவலை எங்களைப் பார்த்த பார்வை சகிக்கவில்லை. கால் மணி நேரம் கழற்றி வைத்தால் என்ன என்று தோன்றியது. யாருக்கு முதலில் தோன்றியது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. கழற்றினோம், கண் அயர்ந்தோம். விழித்தபோது இரண்டு தையல்கள் இல்லை. காயம் ஒரு விரல் அகலம் திறந்திருந்தது.

மலையின் மறுபுறம் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1988-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு கிரகம் ராமானுஜன் பெயரைத் தாங்குகிறது. அந்த வானத்தின் கீழ் நாங்கள் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, விடியுமட்டும் ஒரு நாயின் அடிவயிற்றையே நோக்கிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு வந்த பாட்டி மஞ்சள் அப்பச் சொன்னாள். வேண்டாம் என்று சுத்தமான வெள்ளைத் துணியை மட்டும் சுற்றினோம். கோபிப்பாள் என்று நினைத்தோம். செவலையின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்ததும் மறுபடியும் கார். மறுபடியும் கொண்டை ஊசி வளைவுகள். "தோல்தான் பிரிந்திருக்கிறது, உள் தையல் கெட்டியாக இருக்கிறது" என்ற வைத்தியரின் வார்த்தையைக் கேட்டபிறகே எங்களுக்கு மூச்சு வந்தது. புதிதாகத் தைத்தார், பத்து நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கியது.

இதற்குள் பள்ளி திறந்துவிட்டது. பகலில் யார் காவல்? பாட்டி முறமும் சாமையுமாக எங்கள் திண்ணைக்கே வந்துவிட்டாள். மாலையில் நாங்கள் திரும்பும்போது, ஒரு கை முறத்தைப் பிடித்திருக்கும். மறு கை செவலையின் கயிற்றைப் பிடித்திருக்கும். எங்கள் பெண் அருகில் உட்கார்ந்து, "பாட்டி, நாய்க்குக் கனவு வருமா? அந்தக் குட்டிகள் ஞாபகம் இருக்குமா?" என்று தொணதொணத்துக்கொண்டிருப்பாள்.

தையல் பிரித்துத் திரும்பிய அன்று செவலை கதவு திறந்ததும் காரிலிருந்து தாவி, கொல்லைமேட்டுக்கு ஓட்டமெடுத்தாள். வளையத்தை நாங்கள் குப்பையில் போடப் போனோம்.

"கழுவி வை, வாத்தியாரே. எங்க கருப்பிக்கு ஆகும்" என்றாள் பாட்டி.