இரண்டு மில்லிமீட்டர்

என்ஜினுக்கும் மூச்சு உண்டு. அது உள்ளிழுக்கும் காற்றும் எரிபொருளும் மிகுந்தால் ஆற்றலும் மிகும். அம்மூச்சின் அளவை வகுப்பது கேம்ஷாஃப்ட் என்னும் தண்டு. அதன் மேடுகள் சுழன்று அழுத்துகையில் வால்வுகள் திறக்கின்றன. மேடு விலகியதும் ஸ்பிரிங்குகள் அவற்றை மூடிவிடுகின்றன. மேட்டைச் சற்று உயர்த்தி அமைத்தால் வால்வு அகலத் திறக்கும். பந்தயக் கார்களில் கையாளப்படும் இந்த உபாயம் நம் இல்லத்து இளைஞர் சிலரின் உள்ளத்தையும் கவர்ந்திருக்கிறது.

நம் தமக்கை மகன் அவர்களுள் ஒருவன். இரண்டாண்டு ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்துடன், பட்டறைத் தொழிலில் பழகிய நம்மிடம் வந்தான். "8 மில்லிமீட்டர் திறக்கும் வால்வு 10 மில்லிமீட்டர் திறந்தால் வண்டி பறக்கும், மாமா" என்றான். அவனுடைய வாப்பா நாள்தோறும் கடைக்குச் சென்று வருவது அவ்வண்டியில்தான். எனவே நாம் உடனே தலையசைக்கவில்லை. கணக்கைப் பார்ப்போம் என்றோம்.

வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு திறந்ததுமே, அதன் விளிம்பைச் சுற்றியுள்ள வழி வால்வின் முழுப் பரப்புக்கு ஈடாகிவிடுகிறது. 32 மி.மீ. வால்வுக்கு அந்த அளவு 8 மி.மீ. அதற்கு மேலும் பயன் உண்டு. ஆயினும் முன்போல் அத்துணை மிகுதியாக இராது.

என்ஜின் நிமிடத்திற்கு 6000 முறை சுழல்கையில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அதே கால அளவில் கூடுதல் தொலைவு சென்று மீள வேண்டுமெனில் பழைய ஸ்பிரிங் ஈடுகொடாது. மூடத் தாமதித்த வால்வின் மீது பிஸ்டன் மோதினால் என்ஜினே பாழாகும். ஆதலால் ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டும். இடைவெளியையும் அளக்க வேண்டும். தேர்ந்த மெக்கானிக், பிஸ்டனின் தலையில் மென்களிமண்ணை வைத்து, என்ஜினைக் கையால் இரு முழுச்சுற்றுச் சுழற்றி, பின்னர் கழற்றிப் பார்த்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளப்பார்.

இன்னொன்றும் உண்டு. பந்தயக் கேம்ஷாஃப்டுகள் வால்வை அகலமாக மட்டுமன்றி நெடுநேரமும் திறந்து வைக்கின்றன. அதிவேகத்தில் அது நன்மையே. மெல்ல ஓடுகையிலோ, உட்புகுந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும், ஐட்லிங் தடுமாறும், சிக்னலில் நின்று கிளம்பும் இழுவை குறையும்.

ஹோண்டா நிறுவனம் 1989-இல் இன்டெக்ரா காரில் வீடெக் அமைப்பைக் கொணர்ந்தது இதற்காகவே. மெதுவோட்டத்துக்குச் சிறிய மேடு, விரைவுக்குப் பெரிய மேடு என ஒரே தண்டில் இருவகையும் அமைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் செய்தனர். 1600 சி.சி. என்ஜின் 160 குதிரைத் திறன் தந்தது. பெரிய மேடு ஒன்றே போதுமாயின், சிறிய மேட்டை அவர்கள் வைத்திருப்பார்களா?

மருமகன் ஸ்பிரிங்கின் விலையையும் கூலியையும் எழுதிக்கொண்டு சென்றான். இன்னும் முடிவு சொல்லவில்லை. பந்தயத்துக்கெனத் தனி என்ஜின் ஒன்றை அவன் தேடிக்கொண்டால் நாமே உடனிருந்து பூட்டித் தருவோம். அவனுடைய வாப்பாவின் வண்டிக்கு அது வேண்டாம் என்பதே நம் சொல்.