ஒரே ஒரு ‘எஸ்’!

ஃபர்ஸ்ட் இயர், மூணாவது நாள். இங்கிலீஷ் பீரியடில் செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன். முந்தின ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் மனப்பாடம் பண்ணின ஆறு வரியை மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டு இருந்தேன். நாலாவது வரி... ‘மை ஃபாதர் மேக்ஸ் ஃபர்னிச்சர்ஸ்!’

கடைசி பெஞ்சில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். பின்னாடியே மொத்த கிளாஸும். மேடம் மட்டும் சிரிக்காமல், ‘ஃபர்னிச்சர்... நோ எஸ்’ என்றார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. எங்க அப்பா தச்சு வேலை செய்யறவர். அதைச் சொன்னதுக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு நினைச்சு உட்கார்ந்துட்டேன்.

அன்னியிலேர்ந்து என் பேரு ‘ஃபர்னிச்சர்ஸ்’. ரெண்டு செமஸ்டர், கிளாஸில் வாயே திறக்கலை. டவுட் கேட்கணும்னாகூட பக்கத்துல இருக்கிறவன் காதுலதான். வைவாவில் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்து நின்ற நாட்கள் உண்டு. பன்னிரண்டு வருஷத் தமிழ் மீடியம் பையனை ஒரே ஒரு ‘எஸ்’ ஊமையாக்கிடுச்சு பாருங்க!

லைப்ரரியில் கிராமர் புத்தகம் எடுத்தேன். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க்... இதுக்கெல்லாம் ‘எஸ்’ வராதுன்னு ஒரு லிஸ்ட். கடம் அடிச்சேன். ஆனா, டென்ஷனில் பேசும்போது லிஸ்ட் எங்கே ஞாபகம் வருது?

விடை கிடைத்தது எங்க மெஸ்ஸில்! ஞாயித்துக்கிழமை காலை. பரிமாறுகிற அண்ணன் கேட்டார்: “தோசை எத்தனை தம்பி? சாம்பார் எவ்வளவு ஊத்த?” தட்டை நீட்டினவன் அப்படியே நின்னுட்டேன். தோசைக்கு ‘எத்தனை’, சாம்பாருக்கு ‘எவ்வளவு’. யாரும் சொல்லித்தராமலே இதில் நாம தப்பு பண்றதில்லை. ‘மெனி’, ‘மச்’ என்று இங்கிலீஷ்காரன் பிரிப்பதும் இதைத்தான். ஒரே வித்தியாசம், ஃபர்னிச்சரை அவன் தோசை லிஸ்ட்டில் வைக்காமல் சாம்பார் லிஸ்ட்டில் வெச்சுட்டான். சேர், டேபிள் எல்லாம் தோசை. எண்ணலாம், ‘எஸ்’ போடலாம். மொத்தமா ஃபர்னிச்சர்னு சொன்னா சாம்பார். நாம ‘வீட்டுச் சாமான் எல்லாம் லாரியில ஏத்தியாச்சு’ன்னு சொல்ற மாதிரி. அரிசியை யாராவது ‘அரிசிகள்’னு சொல்றோமா?

அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வாய் திறந்தது. தேர்ட் இயரில் ஜூனியர்களுக்கு மாக் இன்டர்வியூ நடத்துற அளவுக்கு ஆளாகிட்டேன். அங்கேதான் நான் பண்ணின கேவலமான காரியம்.

ஒரு ஜூனியர் பொண்ணு, படபடன்னு ஆரம்பிச்சா: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் கேவ் மெனி இன்ஃபர்மேஷன்ஸ்...’

முதலில் சிரிச்சது நான். ஆமாங்க, நானேதான்! “சாரிண்ணா” என்று சொல்லிட்டு உட்கார்ந்த அந்தப் பொண்ணு முகத்தில், மூணாவது நாள் என் முகத்தைப் பார்த்தேன். அன்னிக்கு மதியம் சோறு இறங்கலை.

சாயந்திரம் கேண்டீனில் தேடிப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். மெஸ் கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டா. அப்புறம் டீ ஆறும் வரைக்கும் பேசினோம். “நாம ஏண்ணா இதையே திரும்பத் திரும்பத் தப்பாச் சொல்றோம்?” என்று கேட்டாள்.

யோசித்தால், காரணம் நம்ம நாக்கில் இருக்கு. ‘பத்து புக் வாங்கினேன்’, ‘நாலு மாடு நிக்குது’ - இப்படித்தானே பேசறோம்? பத்துன்னு சொன்ன பிறகு தனியா ‘கள்’ எதுக்கு? ‘பால்பகா அஃறிணைப் பெயர்’னு ஸ்கூலில் படிச்சது ஞாபகம் இருக்கா? மாடு வந்தது, மாடு வந்தன... பெயர் மாறாது, வினைதான் மாறும். நன்னூலே பர்மிஷன் கொடுத்த விஷயம். இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது. பத்து வந்தாலும் ‘எஸ்’ஸும் வரணும். ‘என் ஃப்ரெண்ட் ஒருத்தன்’ என்பதை அப்படியே மாத்தினால்தான் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’. அவன் கணக்கு வேற. கூட்டத்திலிருந்து ஒருத்தனை எடுக்கிறோம், அதனால் ‘ஃப்ரெண்ட்ஸ்’. எடுத்தது ஒருத்தனை, அதனால் பின்னாடி ‘இஸ்’.

இங்கிலீஷும் ஒண்ணும் ரொம்ப ஒழுங்கு இல்லை. ‘சைல்ட்’டுக்கு ஒரு காலத்தில் ‘சில்டர்’ என்றே பன்மை இருந்தது. அது போதாதுன்னு மேலே இன்னொரு பன்மை விகுதியை ஒட்டித்தான் ‘சில்ட்ரன்’. நாமும் சளைச்சவங்களா? ‘மாணவர்’ என்பதிலேயே பன்மை இருக்கு. மேலே ‘கள்’ போட்டு ‘மாணவர்கள்’ ஆக்கியிருக்கோம். அவ்வளவு ஏன், இங்கிலீஷில் சாம்பாராக இருக்கிற இன்ஃபர்மேஷன், பிரெஞ்சில் தோசை. அங்கே தாராளமா ‘எஸ்’ போடலாம்!

எல்லாம் கேட்டுட்டு அவள் ஒண்ணே ஒண்ணு கேட்டாள்: “இதெல்லாம் தெரிஞ்சும் ஏண்ணா சிரிச்சீங்க?”

பதில் இல்லை. டீக்குக் காசு கொடுத்துட்டு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். “என்னப்பா வேலை ஓடுது?” “ரெண்டு கட்டிலு, நாலு சேரு, ஒரு பீரோடா” என்றார். ‘கள்’ளும் இல்லை, ‘எஸ்’ஸும் இல்லை. கணக்கில் ஒண்ணுகூடத் தப்பலை.

உங்க கிளாஸிலும் ஒரு ‘ஃபர்னிச்சர்ஸ்’ இருப்பான். இருப்பாள். அந்த ‘எஸ்’ஸைக் கட்டாயம் திருத்துங்க, இன்டர்வியூவில் அது உதவும். ஆனா, சிரிச்சுட்டுத் திருத்தாதீங்க. கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போய், தோசை எத்தனை, சாம்பார் எவ்வளவுன்னு கேளுங்க. போதும்!